ஒரு சீட்டுக்கு ஒரு உறுப்பு

அந்த ஆஸ்பத்திரியில் இதுவரை யாரும் தவறு செய்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியே சொல்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிரே பளிங்குக் கல்லில் பெரிய எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள்: ‘விதிப்படி நடந்தது தவறாகாது.’ கல்லுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது என்று நாற்காலியின் முதுகில் இன்னொரு பலகை.

குமாஸ்தா அந்தக் கல்லைப் படித்ததும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. அவர் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மனு வாங்குகிறவர். வரிசையில் நிற்காதவனை ஜென்ம விரோதியாகப் பார்ப்பார். இறந்துபோன அப்பா பெயரில் இருந்த இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வந்த ஒரு மகனிடம், “இணைப்பு யார் பேருல இருக்கோ அவர்தான் நேர்ல வரணும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். சொன்னதைச் சொன்னபடி செய்தால் உலகத்தில் யாருக்கும் கஷ்டமில்லை என்பது அவருடைய கொள்கை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தார்.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றது அவருடைய மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவள் ஆசிரியை. ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார்கள். ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று அவள் போடும் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும்; அதனால் பெயரே பிரேக்கம்மா என்று ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக் கார்களில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பல வருஷமாக அதை அழுத்தி அழுத்தி, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் எதிரே லாரி வந்தால் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும்.

முந்தின நாள் தொண்டை வலிக்கிறது என்றாள். குமாஸ்தா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், வாய்க்கு ஒருநாள் லீவு கொடுத்தால் தொண்டையும் பிழைக்கும், வீடும் பிழைக்கும் என்றார். தமாஷாகச் சொன்னதுதான். காலையில் காய்ச்சல் கொதித்தது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. எச்சில் விழுங்க முடியவில்லை, ஒழுகியது. படுத்துக்கொள் என்று அவர் சொல்ல, படுத்தவள் பதறி எழுந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முகவாயை முன்னால் நீட்டி, ஒவ்வொரு மூச்சையும் கீச்சென்று இழுத்தாள். இனிப் படுக்கவே சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டினாள். அந்தக் கையசைப்பை அவர் நன்றாகப் பார்த்தார். இதைக் கதை கேட்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அவரால் மறக்க முடியாது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள். தொண்டை வீங்கி மூச்சுவிட முடியவில்லை என்றார் குமாஸ்தா. உங்களுக்கா என்று கேட்டாள். மனைவிக்கு என்றார்.

“அப்ப அவங்க சொல்லட்டும் சார். நோயாளியோட சொந்த வார்த்தையிலதான் நாங்க பதிவு பண்ணணும்.”

“அவளால பேச முடியாதும்மா.”

“அதையும் அவங்களேதான் சொல்லணும்.”

கோபப்பட்டிருக்க வேண்டிய இடம். குமாஸ்தாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் மேல் ஒரு மரியாதைதான் வந்தது. நம்ம ஆபீசில் இப்படி ஒருத்தி இருந்தால் நன்றாயிருக்குமே என்றுகூடத் தோன்றியது. பின்னால் கீச்சென்று மூச்சு இழுபட்டதும்தான் சுரீரென்றது. சட்டென்று ஒரு யோசனை பண்ணி, மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னால பேச முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு விட முடியல” என்று மனைவிக்காகச் சொன்னார். பெண் திருப்தியாக எழுதிக்கொண்டாள். குறிப்பு என்ற இடத்தில், ‘நோயாளிக்கு ஆண் குரல்’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்.

இதனால் உள்ளே இருந்த சின்ன டாக்டர், இந்த ஆண் குரல் எத்தனை நாளாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. இளம் வயசு, படித்த பிள்ளை. வாயைத் திறக்கச் சொல்லிக் குச்சியை விட்டுக் கிளறாமல், தொடாமல், தள்ளி நின்றே பார்த்தார். அந்த அளவுக்கு அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. குமாஸ்தாவை ஓரமாகக் கூப்பிட்டு விளக்கினார். நாக்கு முடியும் இடத்துக்குக் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில், ஒரு சின்ன மூடி இருக்கிறதாம். சாப்பாடு உள்ளே போகும்போது மூச்சுவழியை அதுதான் மூடுமாம். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் அது சுண்டுவிரல் மாதிரி ஒல்லியாகத் தெரியுமாம். அதில் கிருமி புகுந்து வீங்கினால், படத்தில் கட்டைவிரல் மாதிரி தெரியுமாம். அதற்குப் பெயரே கட்டைவிரல் அடையாளம். இன்னும் கொஞ்சம் வீங்கினால் மூச்சுவழி அடைத்துவிடும்.

“அப்ப உடனே ஏதாவது செய்யுங்க டாக்டர்.”

“செய்யலாம் சார். ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய்த் தொண்டையில குழாய் வெக்கணும். ஆனா அதுக்கு முதல்ல நான் பயப்படணும். படம் இல்லாம பயப்பட எனக்கு அதிகாரம் இல்ல.”

குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. சின்ன டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த டாக்டர் ஒருமுறை கண்ணால் பார்த்ததை வைத்தே பயந்துவிட்டாராம். பெரிய டாக்டர்கள் எல்லாம் ஓடி வந்து குழாய் வைத்து நோயாளியைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிறகு விசாரணை வந்தது. படம் இல்லாததால் நோய் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. நோய் இல்லாதவர் பிழைத்ததாகக் காட்ட முடியாது. ஆகவே அவர் பிழைக்கவில்லை என்று முடிவு செய்து, பயந்த டாக்டரைத் தோல் வியாதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்தவர் இன்னமும் வந்து போய்க்கொண்டிருக்கிறாராம், தான் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கேட்டு.

குமாஸ்தா தலையாட்டினார். ஆதாரம் வேண்டும் என்பது நியாயம்தானே என்று பட்டது. சின்ன டாக்டர் சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘கழுத்து, பக்கவாட்டுப் படம். கட்டைவிரல் அடையாளம் பார்க்கவும்.’

எக்ஸ்ரே பிரிவு கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. மூச்சுவிட முடியாத ஒருத்தியை அவ்வளவு தூரம் அனுப்பும்போது கூட ஒரு டாக்டர் வருவார் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு ஆஸ்பத்திரி பழக்கமில்லை என்று அர்த்தம். வீல்சேரைக் குமாஸ்தாவே தள்ளினார். நடை நெடுகிலும் ‘அமைதி’ என்று எழுதியிருந்தது. அவள் மூச்சின் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு ஒரு நர்ஸ் அந்த எழுத்தைச் சுட்டிக்காட்டினாள். குமாஸ்தா மன்னிப்புக் கேட்டார்.

எக்ஸ்ரே மேசையில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சீட்டைப் படித்தார். திருப்பிப் படித்தார். உச்சுக் கொட்டினார்.

“இதுல ரெண்டு உறுப்பு இருக்கே. கழுத்து ஒண்ணு, கட்டைவிரல் ஒண்ணு. ஒரு சீட்டுக்கு ஒரு உறுப்புதான் சார்.”

அது விரல் இல்லை, விரல் மாதிரி, தொண்டைக்குள்ளே, என்று குமாஸ்தா தனக்குப் புரிந்தவரையில் சொல்லிப் பார்த்தார். மேசைக்காரர் பொறுமைசாலி. முழுவதும் கேட்டுவிட்டு, விரல் தொண்டைக்குள்ளே போயிருந்தால் அது வேறு பிரிவு என்றார். பிறகு, ஆள் நல்லவர் போல் தெரியவே, கழுத்துக்கு மேலிடத்துக் கையெழுத்து வேண்டும், அதற்கு நேரமாகும், விரல் என்றால் இப்போதே முடியும் என்று தாமாகவே சீட்டில் கழுத்தை அடித்துவிட்டார். உங்கள் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னார். குமாஸ்தா நன்றி சொன்னார். சீக்கிரம் முடிகிறதே என்ற ஆறுதல் அந்த நிமிஷத்தில் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

படம் எடுப்பவர் தொழில் சுத்தமானவர். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார், கையைத் துடைத்துவிட்டார், கட்டைவிரலை நேராக, சாய்த்து, படுக்கவைத்து என்று விதவிதமாக எடுத்தார். ஒரு கையில் துண்டை வைத்து எச்சிலை ஏந்திக்கொண்டு, இன்னொரு கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். விரல் எதற்கு என்று கண்ணாலேயே கணவரைக் கேட்டாள். அவர் அவள் காதில், “அவங்களுக்குத் தெரியும்மா” என்றார்.

சின்ன டாக்டர் படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். பார்த்தவுடன் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கட்டைவிரல் அடையாளம் தெரிகிறது, மிகத் தெளிவாகத் தெரிகிறது, புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை, எலும்புகூடத் தனித்தனியாகத் தெரிகிறது என்றார். எலும்பு என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். படத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் படத்தோடு வந்த முடிவை வரவேற்பு மேசைப் பெண் பதிவு செய்துவிட்டாள். ‘கட்டைவிரலில் வீக்கம் இல்லை.’ கட்டைவிரல் வீங்கவில்லை என்றால் அந்த நோய் இல்லை. நோய் இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டு தயாராகி, குமாஸ்தா கையில் வந்து சேர்ந்தது. அதில் நோயாளியின் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகையும் ஏற்கப்படும் என்று போட்டிருந்தது.

சின்ன டாக்டர் அப்போது ஒரு வீரச் செயல் செய்தார். புதிய சீட்டு எடுத்துக் ‘கழுத்து’ என்று மட்டும் எழுதி, மேலிடம் என்ற இடத்தில் தாமே கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். தோல் வியாதிப் பிரிவு அவர் கண்முன் வந்து நின்றிருக்கும். இதைவிடப் பெரிய வீரத்துக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லை. சீக்கிரம் போங்கள் என்று அவர் சொன்னதும் குமாஸ்தா வீல்சேரைத் திருப்பினார். கீச்சுச் சத்தம் இப்போது மெலிந்து, நீண்டு, ஊசி மாதிரி ஆகியிருந்தது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. இந்தத் தடவை ஓடினார்.

இரண்டாவது தடவை எக்ஸ்ரே அறையில் எல்லாம் மளமளவென்று நடந்தது. விரலை எடுத்த அதே ஆள், இரும்பு மேசையைத் தட்டி, அம்மாவை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எடுக்கக் கூடாதா என்று குமாஸ்தா கேட்டார். எடுக்கலாம், மெஷினுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை என்றார் அந்த ஆள். ஒருகாலத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருநாள் ஒரு நோயாளி மயங்கி மெஷின் மேல் விழுந்துவிட்டார். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அன்று முதல் கழுத்துப் படம் என்றால் படுத்துத்தான் என்று விதி வந்துவிட்டது. அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று குமாஸ்தா கேட்டார். அது விதியில் இல்லை என்றார்.

“கூட வந்தவர் ஒத்துழைச்சாதான் சார் வேலை நடக்கும். தோளப் பிடிச்சு மெதுவா அழுத்துங்க. ஒரு நிமிஷ வேலை.”

குமாஸ்தா அழுத்தினார். இப்படித்தான் அது நடந்தது, இதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கை ஓங்கியதில்லை, அதட்டியதுகூட இல்லை. அந்த மனுஷன் இரண்டு உள்ளங்கையையும் மனைவியின் தோளில் வைத்து, அவள் திமிரத் திமிர அழுத்திப் படுக்கவைத்தார். ‘கொஞ்சம் பொறுத்துக்க, சொன்னபடி செஞ்சுட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று வேறு சொன்னார். அவள் கண் அவரையே பார்த்தது. அவள் வலது கால் நீண்டு, இல்லாத பிரேக்கைத் தேடி, காற்றில் மிதித்தது. மறுபடி மிதித்தது. அவர் அதைப் பார்த்தார். அவளோடு வாழ்ந்தவருக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தது. கையை எடுக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “மூச்ச அடக்கிக்கோங்க.”

கீச்சுச் சத்தம் நின்றது.

“ஆ, அப்படித்தான். அருமை. இப்படி அசையாம மூச்ச அடக்குற பேஷன்ட் கிடைக்கிறது கஷ்டம் சார்.”

அறைக் கதவுக்கு வெளியே, ஊழியர்கள் காத்திருக்கும் பெஞ்சில், பச்சைச் சட்டை போட்ட ஒருவர் அரை நாளாக உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர். காலையில் தியேட்டர் கதவில் கை மாட்டி, கட்டைவிரல் நசுங்கி வீங்கிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிரிவில் அன்று கட்டைவிரல் படம் எடுக்க வேண்டியிருந்தது அவர் ஒருவருக்குத்தான். முறை வரவில்லை. உள்ளே கேட்ட கீச்சுச் சத்தத்தை மெஷினின் பழைய காற்றாடி என்று நினைத்துக்கொண்டிருந்தார். காற்றாடி நின்ற பிறகும் கதவுக்கு மேலே மெஷின் விளக்கு எரிகிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வாழ்க்கை முழுவதும் பிறர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காது இதை முதலிலேயே பிடித்திருக்க வேண்டாமா என்று பின்னால் அவரே நொந்துகொண்டார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், குமாஸ்தாவை ஒரு இடி இடித்து விலக்கி, அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் சாய்த்தார். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ அடியிலிருந்து கீச்சென்று ஒரு மூச்சு வந்தது.

படம் எடுப்பவர் ஓடி வந்து, படம் இன்னும் கழுவவில்லை, கட்டைவிரல் தெரிகிறதா என்று பார்க்காமல் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது என்றார். மயக்க டாக்டர் தம்முடைய வீங்கிய விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“கட்டைவிரல்தானே பாக்கணும்? இந்தா, நல்லாப் பாத்துக்கோ. வழிய விடு.”

உட்கார்ந்த நிலையிலேயே வீல்சேரில் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். குமாஸ்தா பின்னால் ஓடினார். எக்ஸ்ரே ஆள் அவசரமாகக் கழுவி, ஈரம் சொட்டும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் ஓடினார். தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. நசுங்கிய விரலோடு மயக்க டாக்டர் அவள் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். கழுத்தைத் திறக்கக் கத்தியோடு ஒரு சர்ஜன் பக்கத்தில் தயாராக நின்றாராம், தேவைப்படவில்லை.

வெளியே குமாஸ்தா சுவரைப் பார்த்து நின்றார். பிழைத்துவிட்டாள் என்று சொன்னார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முகத்தைக் கையால் மூடப் போனவர், மூடவில்லை. அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீக்கம் வடியும்வரை குழாயோடு அவள் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோபத்தை வளர்த்தார். அந்த மேசைக்காரரை, விதி போட்டவனை, ‘அருமை’ என்று சொன்ன வாயை, ஒருவரையும் விடக் கூடாது. பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்து, சீட்டு, விரல், டிஸ்சார்ஜ் என்று சரியாகத்தான் வருவார். இரும்பு மேசைக்கு வந்ததும் பேச்சு தட்டிப் போகும். ‘படுக்கவைத்தார்கள்’ என்று சொல்லிப் பார்த்தார். ‘படுக்கவைக்கப்பட்டாள்’ என்று மாற்றிப் பார்த்தார். அலுவலகத்தில் இந்த மாதிரி வாக்கியங்களை எழுதி எழுதித் தேர்ந்தவர் அவர். இந்த ஒரு வாக்கியம் மட்டும் அமையவில்லை.

அவர் புகார் கொடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியே அவரைக் கூப்பிட்டு அனுப்பியது. கூட்ட அறையில் விழா. மேடையில் விளக்குப் பெட்டி, அதில் அந்தக் கழுத்துப் படம். எலும்புகளுக்கு முன்னால், நாக்குக்கு அடியில், கொழுத்த கட்டைவிரல் ஒன்று நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர், எல்லோரும் பெரியவர் என்று அழைப்பவர், எழுந்து பேசினார்.

“இந்தப் படத்தைப் பாருங்கள். நம் எக்ஸ்ரே பிரிவின் வரலாற்றில் மூச்சின் அசைவு சிறிதும் இல்லாத கழுத்துப் படம் இது ஒன்றுதான். சிலர் கேட்கிறார்கள், படம் கழுவி வருவதற்கு முன்பே அந்த அம்மாவைத் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்களே, பிறகு படம் எதற்கு என்று. அவசரப்பட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், உண்மை. ஆனால் அது காப்பாற்ற வேண்டிய உயிர்தான் என்று நிரூபித்தது இந்தப் படம். இல்லாவிட்டால் நம் மயக்க டாக்டர்மேல் இன்று விசாரணை நடந்துகொண்டிருக்கும். அவர் இங்கே வரவில்லை. அவருடைய விரல் படத்துக்கு இன்னும் முறை வராததால் எக்ஸ்ரே பிரிவில் காத்திருக்கிறார். முறை என்றால் எல்லோருக்கும் முறைதான்.”

கைதட்டினார்கள். பெரியவர் கையை உயர்த்தி அடக்கினார்.

“இவ்வளவு துல்லியமான படம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஆராய்ந்தோம். நோயாளி படுக்க மறுத்திருக்கிறார். கூட வந்த கணவர் தோளைப் பிடித்து உதவியிருக்கிறார். ஆகவே இனிமேல் கழுத்துப் படம் எடுக்கும்போது உறவினர் ஒருவர் தோளைப் பிடித்து அழுத்த வேண்டும் என்று புதிய விதி செய்திருக்கிறோம். உறவினர் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியே ஒருவரை அளிக்கும். இந்த முன்மாதிரியை நமக்குக் காட்டிய கணவருக்குச் சிறந்த ஒத்துழைப்பாளர் சான்றிதழை வழங்குவதில் பெருமைப்படுகிறேன்.”

குமாஸ்தாவை மேடைக்கு ஏற்றினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வளர்த்து வைத்த கோபமெல்லாம் தொண்டைவரை வந்தது. இப்போது பேசினால் சீட்டைச் சொல்லலாம், விரலைச் சொல்லலாம், விதியைச் சொல்லலாம். சொல்லிக்கொண்டே போனால் இரும்பு மேசை வரும். அங்கே யார் கை என்று கேட்பார்கள். அவர் மைக்கைப் பிடித்து, “எல்லாருக்கும் ரொம்ப நன்றி” என்றார். பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலின்போது அவருக்கு உண்டான ஆறுதலை நினைத்து அவர் இன்றுவரை கூசுகிறார்.

வார்டுக்கு வந்தபோது அவளுக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் பேசலாம் என்று மயக்க டாக்டர் சொல்லியிருந்தாராம். தெருவைத் தாண்டிக் கேட்ட குரல் இப்போது காகிதம் கசங்குவதுபோல் வந்தது. கையில் என்ன என்று கேட்டாள். சட்டத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தவர், வேறு வழியில்லாமல் காட்டினார். படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

“நீங்க என்ன பேசுனீங்க?”

நன்றி சொன்னேன் என்றார். அவள் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டாள். சத்தமில்லாத, சாதாரண மூச்சு.

“அவங்க யாரும் என்னத் தொடலங்க. தோள்ல இருந்தது உங்க கை.”

மன்னித்துக்கொள் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அவள் தலையை ஆட்டினாள்.

“என்கிட்ட சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் வேணாம் வேணாம்னேன், நீங்க அழுத்துனீங்க, எனக்கு மூச்சு நின்னுடுச்சுன்னு சொல்லுங்க. நாளைக்கு இன்னொருத்தியப் படுக்க வெப்பாங்க.”

போனார். பெரியவர் அறைக்கு வெளியே வரிசை இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையைத் தாண்டி உள்ளே நுழைந்தார். நின்றபடியே சொன்னார். வீட்டிலேயே அவள் படுக்க முடியாமல் எழுந்ததைத் தான் பார்த்ததாகவும், மேசையில் அவள் கால் உதைத்தது எதற்கு என்று தனக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் தன் கையாலேயே அழுத்தியதாகவும், அவள் மூச்சு நின்றது அதனால்தான் என்றும், ஒரு வார்த்தையைக்கூடச் செயப்பாட்டு வினையில் போடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் சான்றிதழை மேசைமேல் வைத்தார்.

பெரியவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து குமாஸ்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மனைவி துடிக்கிறதப் பாத்தும் கைய எடுக்கலேன்னா எவ்வளவு கட்டுப்பாடு வேணும் சார். இவ்வளவு விவரம் எங்களுக்கே தெரியாது. இதையும் விதியில சேத்துடறேன்.”

சான்றிதழைத் தன் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வாசல்வரை கூட வந்து, வரிசையில் நின்றவர்களிடம், இவர்தான் அவர் என்று அறிமுகம் செய்துவைத்தார். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வார்டில் அவள் கதவைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

குமாஸ்தா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“பாராட்டினாங்க.”

அவள் பேசலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பேசவில்லை.